கொலைக் கேசில் சிக்கி மீண்ட கலைவாணர்: ஒற்றை ஆளாக மேடை ஏறி ஊரையே சிரிக்க வைத்த கதை

1945-ம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி. சென்னை ஐகோர்ட்டில் கூட்டம் நெரிந்தது. தமிழ் சினிமாவின் இரண்டு பெரிய நட்சத்திரங்கள் கூண்டில் நின்றார்கள். ஒருவர் பாட்டுக்குப் பேர்போன எம்.கே.தியாகராஜ பாகவதர். இன்னொருவர் சிரிப்புக்குப் பேர்போன என்.எஸ்.கிருஷ்ணன். கொலைச் சதி கேசில் இரண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு ஆயிற்று.

பாட்டுக்காரர் ஜெயிலுக்குப் போய் வந்தாலும் குரல் இருந்தால் கச்சேரி செய்து பிழைத்துக் கொள்ளலாம். சிரிப்பு நடிகர் பாடு அப்படி இல்லை. அவரைப் பார்த்த உடனே ஜனங்களுக்கு மனசு லேசாக வேண்டும். கொலைகாரன் என்று பெயர் வாங்கியவன் மேடையில் வந்து நின்றால் யாருக்குச் சிரிப்பு வரும்? கிருஷ்ணன் கதை இத்தோடு முடிந்தது என்றே பல பேர் நினைத்தார்கள்.

முடியவில்லை. அவர் திரும்பி வந்தார். மேடையில் தன்னந்தனியாக நின்று ஒரு பையன் பள்ளிக்கூடம் போன கதையைச் சொன்னார். கொட்டகை குலுங்கச் சிரித்தது. சிரித்தவர்கள் கண்ணைத் துடைத்துக் கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கதைக்குப் பெயர் கிந்தனார். அதைச் சொன்னவரைத் தமிழ்நாடு கலைவாணர் என்று கூப்பிட்டது.

ஏற்காடு அடிவாரத்தில்...

சேலம் ஜனங்களுக்கு என்.எஸ்.கே. அசலூர்க்காரர் அல்ல. சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்குப் பஸ் ஏறுகிறவர்கள், மலைப்பாதை தொடங்கும் முன்னால் ரோட்டோரத்தில் ஒரு பழைய வளைவைப் பார்த்திருப்பார்கள். அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ் வாசல். சேர்வராயன் மலை அடிவாரத்தில் டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய கம்பெனி அது. நூறு படங்களுக்கு மேல் அங்கே இருந்து வெளிவந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன் 1938-ல் அங்கே தயாரானது. தமிழின் முதல் முழுநீளக் கலர் படமான அலிபாபாவும் 40 திருடர்களும் 1956-ல் அதே கம்பெனி எடுத்தது.

சுந்தரம் கண்டிப்பான முதலாளி. இங்கிலாந்து போய் நெசவுத் தொழில் படித்து வந்தவர். ஸ்டூடியோவில் எல்லாம் மணி அடித்தாற்போல் நடக்க வேண்டும். அந்தக் கம்பெனி 1940-ல் உத்தம புத்திரன் எடுத்தது. பி.யு.சின்னப்பா இரட்டை வேஷம் போட்ட படம். அடுத்து 1942-ல் மனோன்மணி. இரண்டிலும் கிருஷ்ணனும் அவர் மனைவி டி.ஏ.மதுரமும் சிரிப்புப் பகுதியில் நடித்தார்கள்.

அந்தக் காலத்தில் என்.எஸ்.கே. படத்தில் இருக்கிறார் என்றால், படத்துக்குள்ளே இன்னொரு குட்டிப் படம் இருக்கிறது என்று அர்த்தம். தன் பகுதிக்குக் கதை, வசனம், பாட்டு எல்லாவற்றையும் அவரே தன் ஆட்களை வைத்துக் கொண்டு தயார் செய்துவிடுவார். படத்தின் பெரிய கதை ஒரு பக்கம் ஓடும். இவருடைய கதை தனியாக ஓடும். படம் சுமாராக இருந்தாலும் என்.எஸ்.கே.-மதுரம் காமெடிக்காகவே டிக்கெட் வாங்கினவர்கள் உண்டு.

யாரையும் நம்பாமல் தன் காட்சியைத் தானே கட்டிக் கொள்ளும் இந்தப் பழக்கம் அவருக்கு ஸ்டூடியோவில் வந்தது அல்ல. அது எங்கே வந்தது என்று தெரிய வேண்டுமானால் தமிழ்நாட்டின் தெற்குக் கோடிக்குப் போக வேண்டும்.

ஒழுகினசேரிப் பையன்

நாகர்கோவில் பக்கத்தில் ஒழுகினசேரி. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே 1908-ம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி கிருஷ்ணன் பிறந்தார். அப்பா பெயர் சுடலைமுத்துப் பிள்ளை. அம்மா இசக்கி அம்மாள். ஏழைக் குடும்பம். நாலாம் வகுப்போடு படிப்பு நின்று போனது.

வயிற்றுக்காகப் பையன் செய்யாத வேலை இல்லை. பெரிய மனுஷர்கள் டென்னிஸ் ஆடும் இடத்தில் பந்து பொறுக்கிப் போட்டான். நாடகக் கொட்டகையில் சோடா, தின்பண்டம் விற்றான். விற்கப் போன இடத்தில் நாடகத்தைப் பார்த்தான். வியாபாரத்தைவிட நாடகம்தான் மனசில் ஒட்டியது.

அதோடு, அந்தச் சீமையில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் நடக்காது. சுடலைமாடன் கதை, இசக்கி கதை என்று விடிய விடியப் பாடுவார்கள். இவருடைய அப்பா பெயரும் அம்மா பெயரும் அந்தக் கதைகளில் வரும் சாமிகளின் பெயர்தான். வில்லுப்பாட்டு என்பது அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தாலாட்டு மாதிரி.

பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரிய வில் ஒன்றைக் கிடத்தி வைத்திருப்பார்கள். அதில் வரிசையாக மணிகள் தொங்கும். கதை சொல்பவர் நடுவே உட்கார்ந்து, இரண்டு கையிலும் வீசுகோலை வைத்துக் கொண்டு நாணில் அடிப்பார். மணிகள் குலுங்கும். பக்கத்தில் குடம் அடிப்பவர், உடுக்கை அடிப்பவர், ஜால்ரா போடுபவர் இருப்பார்கள். அவர்கள் தாளம் போட்டு, ஆமாம் போட்டு, பின்பாட்டுப் பாடுவார்கள். ஆனால் ராஜாவும் திருடனும் பெண்ணும் பேயும் நடுவில் இருக்கும் ஒரே ஆள்தான். திரை கிடையாது, சீன் கிடையாது, வேஷம் மாற்ற நேரம் கிடையாது. குரலை மாற்ற வேண்டும், முகத்தை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் சாமான். இந்த வித்தையைக் கிருஷ்ணன் சின்ன வயசிலேயே பிடித்துக் கொண்டார்.

பாய்ஸ் கம்பெனி

1925 வாக்கில் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் கிருஷ்ணன் சேர்ந்தார். சிறுவர்களை வைத்து நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனி காலம் அது. கம்பெனியில் சோறும் பாடமும் ஒன்றாகக் கிடைக்கும். விடியற்காலையில் எழுந்து பாட வேண்டும். தன் வசனத்தோடு அடுத்தவன் வசனத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அன்று ராத்திரி இன்னொருவன் அந்த வேஷத்தைக் கட்ட வேண்டுமே! அந்தப் பட்டறையில் அடிபட்டு வந்தவர் என்.எஸ்.கே.

அந்தக் கம்பெனி தேசபக்தி என்று ஒரு நாடகம் போட்டது. வெள்ளைக்காரன் ஆட்சி நடக்கும் நேரம். அந்த நாடகத்தில் கிருஷ்ணன் வில்லோடு உட்கார்ந்து மகாத்மா காந்தியின் கதையைப் பாடினார். சாமி கதை சொன்ன வில்லில், உயிரோடு இருக்கிற ஒரு மனுஷரின் கதையை ஏற்றிவிட்டார். அன்றைய தேதிக்கு நாட்டிலேயே பெரிய பெயர் காந்தியின் பெயர். அப்பேர்ப்பட்டவரின் வாழ்க்கையை ஒரு ஆள் உட்கார்ந்த இடத்திலேயே ஆடிக் காட்ட முடியும் என்று அப்போதே அவருக்குத் தெரிந்து போனது. பின்னாளில் வந்த எல்லாவற்றுக்கும் இதுதான் விதை.

சினிமா வந்தது, மதுரம் வந்தார்

1935-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் மேனகா படமாக வந்தது. அதில் கிருஷ்ணன் நடித்தார். 1936-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் டைரக்ட் செய்த சதி லீலாவதி வந்தது. எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். அதிலும் கிருஷ்ணன் இருந்தார்.

அதே சமயம் வசந்தசேனா என்ற படத்துக்காகப் புனாவுக்குப் போனார்கள். அந்தக் கோஷ்டியில் ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த டி.ஏ.மதுரம் நடிகையாக வந்திருந்தார். போன இடத்தில் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டுக் கல்யாணத்தில் முடிந்தது. கிருஷ்ணனுக்கு ஊரில் நாகம்மை என்ற மனைவி ஏற்கனவே இருந்தார். மதுரத்துக்கு அது அப்புறம்தான் தெரிய வந்தது. சண்டை வராமல் இருக்குமா? வந்தது. ஆனாலும் மதுரம் கடைசி வரை கூட இருந்தார். அவர் இல்லாவிட்டால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

சகுந்தலை, அசோக்குமார், கண்ணகி என்று படம் படமாக இந்த ஜோடி ஜெயித்தது. 1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வந்தது. பாகவதர் கதாநாயகன். என்.எஸ்.கே., மதுரம் உண்டு. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்த படம் அது. ஆனால் படம் தொடங்கிச் சில மாசத்துக்குள் அதன் இரண்டு நட்சத்திரங்களும் போலீஸ் காவலில் இருந்தார்கள்.

ரிக்‌ஷாவில் கத்திக் குத்து

சென்னையில் லட்சுமிகாந்தன் என்று ஒருவர். சினிமா தூது என்ற பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தைக் கிழித்து எழுதுவதுதான் அவர் தொழில். பயந்து பணம் கொடுத்தவர்கள் உண்டு என்று பேச்சு. பாகவதர், கிருஷ்ணன், கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு மூன்று பேரும் கவர்னரிடம் புகார் கொடுத்தார்கள். பத்திரிகைக்கு அனுமதி ரத்தானது. லட்சுமிகாந்தன் விடவில்லை. இந்து நேசன் என்ற பெயரில் மறுபடி எழுதத் தொடங்கினார்.

1944-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி காலை. வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க் கொண்டிருந்த லட்சுமிகாந்தனை வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். ஜெனரல் ஆஸ்பத்திரியில் மறுநாள் உயிர் போனது.

போலீசார் வரிசையாக ஆட்களைப் பிடித்தார்கள். கொலைக்குச் சதி செய்ததாக டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார்கள். நாடு திடுக்கிட்டது. உலக யுத்தச் செய்தியைப் படிக்க வேண்டிய ஜனங்கள் இந்தக் கேஸ் செய்தியைத்தான் முதலில் தேடினார்கள். ஜூரிகளை வைத்து விசாரணை நடந்தது. நாயுடு விடுதலை ஆனார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. அப்பீல் செய்தார்கள். 1945 அக்டோபரில் அதுவும் தள்ளுபடி ஆனது.

மதுரம் செய்த காரியம்

புருஷன் ஜெயிலில். கேஸ் செலவு மலை மாதிரி ஏறுகிறது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போக வேண்டும். கையில் இருந்த பணம் கரைகிறது. இன்னொருவராக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்.

மதுரம் உட்காரவில்லை. என்.எஸ்.கே. பெயரில் இருந்த நாடக சபாவை நடத்தினார். எஸ்.வி.சகஸ்ரநாமம் துணையாக நின்றார். பைத்தியக்காரன் என்ற நாடகம் அந்த சபாவின் மேடையில் பேர் வாங்கியது. விதவை மறுமணத்தைப் பேசிய கதை. பிறகு அதையே கிருஷ்ணன்-பஞ்சு டைரக்‌ஷனில் படமாக எடுத்தார்கள். ஜெயிலுக்கு உள்ளே இருந்தவரின் பெயர் வெளியே மங்காமல் இருந்ததற்கு மதுரத்தின் உழைப்புதான் காரணம்.

பிரிவி கவுன்சில் கேசைப் புரட்டிப் பார்த்தது. ஜூரிகளுக்கு நீதிபதி வழிகாட்டிய விதத்தில் கோளாறு இருக்கிறது, அப்பீலை மறுபடி விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. கிருஷ்ணனுக்காகப் பிரபல பாரிஸ்டர் வி.எல்.எதிராஜ் வாதாடினார். பெண்கள் கல்லூரிக்குச் சொத்தைக் கொடுத்தாரே, அதே எதிராஜ்தான். 1947 ஏப்ரலில் ஐகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தார்கள்.

வெளியே வந்த இரண்டு பேர்

வந்தவர்களில் பாகவதர் மனசு ஒடிந்து போயிருந்தார். சொந்தமாகப் படம் எடுத்தார். ராஜமுக்தி வந்தது, அமரகவி வந்தது, சியாமளா வந்தது. பழைய மவுசு திரும்பவில்லை. ஒரு காலத்தில் அவர் போகும் ரயிலைப் பார்க்க ஊர் கூடியது. அவர் 1959 நவம்பர் 1-ந் தேதி 49 வயசில் காலமானார்.

கிருஷ்ணன் வேறு மாதிரி. ஜெயிலில் இருந்து வந்த வருஷமே பைத்தியக்காரன் படத்தில் தலைகாட்டினார். அதே 1947-ல் நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார் முன்னிலையில் அவருக்குக் கலைவாணர் என்ற பட்டம் சூட்டினார்கள். ஆனால் பட்டம் கொடுத்தால் மட்டும் ஜனங்கள் சிரித்து விடுவார்களா? படம் என்றால் வெட்டலாம், ஒட்டலாம். மேடையில் அது நடக்காது. நேரில் வந்து நின்றால்தான் ஜனங்கள் இவரை இன்னும் ஏற்றுக் கொள்கிறார்களா என்று தெரியும்.

நந்தன் போன சிதம்பரம்; கிந்தன் போன பள்ளிக்கூடம்

நந்தனார் கதை தமிழ்நாட்டில் தெரியாத ஆள் கிடையாது. பண்ணை அடிமையாக இருந்த நந்தன் சிதம்பரம் போய் நடராஜரைத் தரிசிக்க ஆசைப்படுகிறான். ஆண்டை விடவில்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கீர்த்தனையாகப் பாடினார். காலட்சேபம் செய்யும் பாகவதர்கள் ஊர் ஊராகச் சொன்னார்கள். சினிமா வந்ததும் அது நட்சத்திரக் கதை ஆனது. 1935-ல் கே.பி.சுந்தராம்பாள் ஆண் வேஷம் போட்டு நந்தனாராக நடித்தார். 1942-ல் ஜெமினி படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனார்.

இப்படி எல்லோருக்கும் மனப்பாடமான கதையைக் கலைவாணர் கையில் எடுத்தார். தலைகீழாகத் திருப்பினார். நந்தனுக்குக் கோயிலுக்குப் போக ஆசை. கிந்தனுக்குப் படிக்க ஆசை. தாழ்த்தப்பட்ட வீட்டுப் பையன் கிந்தன். அவனுக்குப் படிப்பு எதற்கு என்று தடுக்கிறார்கள், அடிக்கிறார்கள். அவன் பட்டணத்துக்குப் போகிறான். படிக்கிறான். கடைசியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருகிறான். முன்னே விரட்டினவர்கள் இப்போது கும்பிட வேண்டி இருக்கிறது. இதுதான் கதை. பாட்டு எழுதித் தந்தவர் உடுமலை நாராயண கவி.

இதை நாடகமாகப் போட்டிருந்தால் இருபது பேர் வேண்டும். கலைவாணர் அதைக் கதாகாலட்சேபமாக அமைத்தார். காலட்சேபம் என்றால் பாகவதர் ஒருவர்தான் நிற்பார். கையில் சப்ளாக்கட்டை. பின்னால் மிருதங்கம், ஆர்மோனியம், பின்பாட்டு. நின்றபடியே பாடுவார், பேசுவார், ஆடுவார், உபகதை சொல்வார். பக்திக் கதைக்கு என்று ஏற்பட்ட அந்தக் கோலத்தை அப்படியே போட்டுக் கொண்டு, அதே ராகத்தில், அதே இழுப்பில், பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னார் கலைவாணர். கோலத்தைப் பார்த்ததும் சிரிப்பு. இழுப்பைக் கேட்டதும் சிரிப்பு. சிரித்துக் கொண்டே இருக்கும்போது பையன் முதுகில் அடி விழும். சிரிப்பு தொண்டையில் நிற்கும்.

இது லேசான வேலை இல்லை. எதிரே இன்னொரு நடிகர் இருந்தால் ஒரு வசனம் விட்டுப் போனாலும் அவர் எடுத்துக் கொடுப்பார். ஒற்றை ஆளுக்கு அந்த உதவி கிடையாது. அடிக்கிறவரும் இவரே, அடி வாங்குகிறவனும் இவரே. இந்தப் பக்கம் திரும்பினால் வாத்தியார், அந்தப் பக்கம் திரும்பினால் கிந்தன். எந்தப் பக்கம் யார் என்று ஜனங்களுக்கு ஒரு விநாடி சந்தேகம் வந்தாலும் கதை படுத்துவிடும். சின்ன வயசில் கேட்ட வில்லுப்பாட்டும், பாய்ஸ் கம்பெனியில் அடுத்தவன் பாடத்தைப் படித்ததும், சேலத்து ஸ்டூடியோவில் தன் காட்சியைத் தானே கட்டினதும் இங்கே வந்து சேர்ந்தன.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஆன பையனின் கதையைச் சொல்கிறார். ஜெயிலில் கம்பி எண்ணினவர், விரட்டப்பட்டவன் தலை நிமிர்ந்து திரும்பி வரும் கதையைச் சொல்கிறார். கேட்டவர்களுக்கு இது புரியாமல் இருக்குமா? கிந்தன் கதைக்குள்ளே கிருஷ்ணன் கதையும் இருந்தது. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே அவர் ஜனங்களிடம் தன் கேசை நடத்தி ஜெயித்துவிட்டார்.

நல்லதம்பியும் சேலம் ஜில்லாவும்

1949-ல் நல்லதம்பி படம் வந்தது. கதை வசனம் அறிஞர் அண்ணா. கிருஷ்ணன்-பஞ்சு டைரக்‌ஷன். என்.எஸ்.கே.தான் கதாநாயகன். பானுமதியும் மதுரமும் நடித்தார்கள். கிந்தனார் காலட்சேபம் அந்தப் படத்தில் இடம் பெற்றது. மேடையில் பார்க்க முடியாதவர்களும் தியேட்டரில் பார்த்தார்கள்.

படத்தில் இன்னொரு விஷயம் மதுவிலக்கு. இது சேலத்துக்காரர்களுக்கு நெருக்கமான சங்கதி. ராஜாஜி பிரதம மந்திரியாக இருந்தபோது 1937 அக்டோபர் 1-ந் தேதி, மாகாணத்திலேயே முதல் முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் ஜில்லாவில்தான். பிறகு 1948-ல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. அந்தச் சூட்டோடு சூடாக வந்த படம் நல்லதம்பி. குடிக்காதே என்று அதிகாரி சொன்னால் முறைப்பார்கள். கலைவாணர் சொன்னால் சிரித்துவிட்டு யோசிப்பார்கள்.

காந்தி சுடப்பட்டு இறந்த பிறகு, நாகர்கோவிலில் தன் சொந்தச் செலவில் காந்தி நினைவுத் தூண் கட்டினார். காந்தி கதையை வில்லில் பாடுவதையும் விடவில்லை. கலைஞர்கள் குழுவோடு 1951-ல் சோவியத் யூனியன் போய் வந்தார். மணமகள், பணம் என்று படங்களை டைரக்ட் செய்தார். இந்தியாவின் சார்லி சாப்ளின் என்று அவரைப் பத்திரிகைகள் எழுதின.

வந்த பணம் எங்கே போச்சு?

லட்ச லட்சமாகச் சம்பாதித்தார். தங்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். கலியாணம் என்று வந்தவருக்குக் கொடுத்தார். நாடகம் நொடித்தவருக்குக் கொடுத்தார். வருமான வரி அதிகாரி ஒருவர் கணக்கைப் பார்த்துவிட்டு இவ்வளவு தர்மமா என்று சந்தேகப்பட்டாராம். ஏழை மாதிரிப் பேசி உதவி கேட்டுச் சோதித்தாராம். கலைவாணர் விசாரிக்காமல் கொடுக்க முன்வந்ததும் அதிகாரி வெட்கப்பட்டுப் போனாராம். இப்படி ஒரு கதை சினிமா வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படுகிறது.

கொடுத்தே அழிந்தார் என்று பெருமையாகச் சொல்லலாம். ஆனால் வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் வந்த கஷ்டமும் உண்மை. கடன் சேர்ந்தது. உடம்பும் கெட்டது.

கடைசி மேடை வெற்றி

1957 தேர்தல். அண்ணா காஞ்சிபுரத்தில் நின்றார். எதிர்த்து நின்றவர் ஊரில் பேர் வாங்கிய டாக்டர். அண்ணாவுக்காகப் பேசக் கலைவாணர் போனார். மேடை ஏறியவர் அண்ணாவைப் பற்றிப் பேசவே இல்லை. டாக்டரைப் புகழத் தொடங்கினார். கைராசிக்காரர், ஏழைகளிடம் இரக்கம் உள்ளவர், ராத்திரி கூப்பிட்டாலும் வருவார் என்று அடுக்கிக் கொண்டே போனார். கூட்டத்தில் இருந்த கட்சிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. இவர் எந்தக் கட்சிக்குப் பேச வந்தார் என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

கடைசியில்தான் போட்டார் ஒரு போடு. இவ்வளவு நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் ஊரில் உங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள், டாக்டரை ஊரிலே வைத்துக் கொண்டு அண்ணாவைச் சட்டசபைக்கு அனுப்புங்கள் என்று முடித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தத் தேர்தலில் அண்ணா ஜெயித்தார். எதிராளியை ஒரு வார்த்தை திட்டாமல் தோற்கடித்த பேச்சு என்று அரசியல்வாதிகள் இன்றும் இதை உதாரணம் காட்டுகிறார்கள்.

48 வயசில் முடிந்தது

அதே 1957-ம் வருஷம் ஆகஸ்ட் 30-ந் தேதி, சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் கலைவாணர் காலமானார். வயசு 48. அவர் பிறந்த ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்து பத்து மாசம்தான் ஆகியிருந்தது. மதுரம் அவருக்குப் பின் 17 வருஷம் வாழ்ந்து 1974-ல் மறைந்தார்.

சென்னை தியாகராய நகரில் கலைவாணருக்குச் சிலை வைத்தார்கள். 1969 ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் நாளில், முதல் மந்திரி அண்ணா அதைத் திறந்து வைத்தார். அண்ணாவுக்கு அப்போது கடுமையான நோய். டாக்டர்கள் வேண்டாம் என்ற நிலையிலும் வந்தார். அண்ணா கலந்து கொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான். இருபதே நாளில், பிப்ரவரி 3-ந் தேதி, அவரும் போய்விட்டார்.

சென்னையில் அரசாங்கம் கலைவாணர் அரங்கம் என்று பெயர் வைத்தது. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு அதே பெயரில் புதிதாகக் கட்டி 2016-ல் திறந்தார்கள். கொரோனா வந்து கோட்டையில் இடம் போதாமல் போனபோது, 2020-ல் தமிழ்நாடு சட்டசபையே அங்கேதான் கூடியது. டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பாதீர்கள் என்று சிரிக்க வைத்தவர் பெயர் கொண்ட மண்டபத்துக்குச் சட்டசபையே நடந்து வந்தது!

ஏற்காடு அடிவாரத்து ஸ்டூடியோவும் இப்போது இல்லை. சுந்தரம் 1963-ல் காலமானார். பிறகு கொஞ்ச காலம் படம் எடுத்தார்கள். அப்புறம் நின்றது. வளைவு மட்டும் மிச்சம்.

ஆனால் நல்லதம்பி படம் இருக்கிறது. கிந்தனார் காட்சி இருக்கிறது. ஒற்றை ஆளாக நின்று கதை சொல்லிப் பிழைக்க நினைக்கும் எந்த இளைஞருக்கும் அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. சீன் இல்லை, ஜோடி இல்லை, சண்டை இல்லை. சப்ளாக்கட்டையும் குரலும்தான். படிக்க ஆசைப்பட்ட ஒரு பையனுக்காக அந்த மனுஷர் படும் பாட்டைப் பார்த்தால், இரண்டு வருஷத்துக்கு மேல் ஜெயிலில் கிடந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.